மீன் வேனுக்கு நான் வைத்த பெரிய பைப்பு

கண்ணைக் கட்டிவிட்டு என்னைக் கடை வாசலில் உட்கார வையுங்கள். ரோட்டில் போவது என்ன வண்டி, எத்தனை வருஷத்து வண்டி, சைலன்ஸரில் ஓட்டை முன் ஜாயிண்டிலா பின் டப்பாவிலா, எல்லாம் சொல்வேன். ஓட்டுகிறவர் வீட்டில் காலையில் சண்டை நடந்ததா என்றுகூடச் சொல்லிவிடலாம். ஆக்ஸிலேட்டரை மிதிக்கிற மிதியில் அது தெரியும். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. நான்தான் அதை விட்டேன் என்று வெளியே சொல்வது வழக்கம். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற ரோட்டில், சொந்த இடத்தில், சொந்த வெல்டிங் மிஷினோடு நாற்பது வருஷமாக சைலன்ஸர் வேலை. 'சைலன்ஸர் டாக்டர்' என்று போர்டு வைத்திருக்கிறேன். டாக்டர் பட்டம் யார் கொடுத்தது என்று என் வீட்டுக்காரி கேட்பாள். பெயிண்டர் கொடுத்தார் என்பேன்.

வேடந்தாங்கலுக்குப் பறவை படம் பிடிக்கப் போகிறவர்கள், வண்டிச் சத்தத்தில் கொக்கு பறந்துபோகிறது என்று என்னிடம் வருவார்கள். பைக் வைத்திருக்கிறவர்கள், சத்தம் போதவில்லை, திருக்கழுக்குன்றம் மலை வரைக்கும் கேட்கவேண்டும் என்று வருவார்கள். இரண்டு கூட்டத்தையும் திட்டி அனுப்பிவிட்டு, இரண்டு வேலையையும் செய்து கொடுப்பேன். அப்படிப்பட்ட என்னை ஒரு மீன்காரம்மா மேம்பாலத்து நடுவில் வைத்து வாயடைத்த கதை இது. நானே எழுதிவிட்டால் ஊரில் மற்றவர்கள் சொல்வதைவிடக் கொஞ்சம் கௌரவமாக இருக்கும்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்துக்காரி அந்த அம்மா. வயது நாற்பது இருக்கும். முன்பெல்லாம் தலையில் கூடையோடு பஸ் ஏறி விற்றவள். மீன் நாற்றம் என்று கண்டக்டர் பின் படிக்கட்டிலேயே நிற்க வைப்பாராம். பிறகு ஒரு பழைய பெட்ரோல் வேன் வாங்கினாள். உடம்புதான் வேன், உள்ளே இருப்பது மூன்று சிலிண்டர் கார் இன்ஜின். அதில் ஐஸ் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாவலூரில் ஒரு பெரிய அபார்ட்மென்ட்டுக்குள் போய்க் கடை போடுவாள். அந்த இடத்துக்கு அனுமதி வாங்க ஒரு வருஷம் அலைந்திருக்கிறாள். "பஸ்ல மூக்கைப் பொத்திக்கினு திரும்பினாங்களே, அதே மாதிரி ஆளுங்க இங்க பையத் தூக்கிக்கினு வரிசைல நிக்கிறாங்க அண்ணாத்த" என்று சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவேண்டும்.

ஒரு திங்கட்கிழமை அந்த வேன் என் கடை முன்னால் வந்து நின்றது.

"அண்ணாத்த, வண்டி மூச்சு வாங்குது. மெதுவா போனா போவுது. அறுபதைத் தாண்டி மிதிச்சா பின்னாடி யாரோ புடிச்சி இழுக்கிற மாதிரி கீது. நேத்து அபார்ட்மென்ட்டுக்கு அரை மணி லேட்டு. ஜனங்க வெறும் பையோட மேல ஏறிப் போய்ட்டாங்க."

"மீனுங்கதான் கடலுக்கே திரும்பிப் போலாம்னு பின்னாடி இழுக்குதோ இன்னாவோ."

"அதுங்க செத்த மீனு. உன் ஜோக்கு மாதிரி."

இப்படித்தான் பேசுவாள். நான் பின்னால் போய், இன்ஜின் ஓடும்போதே புகை வருகிற பைப்பின் வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். நல்ல வண்டி என்றால் கையை டப் டப் என்று தட்டும். இது சீக்காளி ஊதுவதுபோல ஊதியது. "சைலன்ஸருக்குள்ள துரு உதிர்ந்து அடைச்சிக்கினு கீது. கடல் காத்து" என்றேன். திறந்து பார்த்தேனா? இல்லை. என் காதும் கையும் இருக்கும்போது எதற்குத் திறப்பது? பின் டப்பாவை அறுத்து எடுத்து, கடைக்குப் பின்னால் பழைய இரும்புக் குவியலில் எறிந்தேன்.

அதோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. அந்த வண்டிக்குக் கம்பெனியில் வைத்த பைப்பு ஒன்றரை அங்குலம். என்னிடம் ஒரு பெரிய டீசல் காரிலிருந்து கழற்றிய இரண்டரை அங்குலப் பைப்பு, வளைவோடு, பளபளவென்று கிடந்தது. கம்பெனிக்காரன் இரும்பை மிச்சம் பிடிக்கத்தான் சின்னதாக வைத்திருக்கிறான், நாம் தாராளமாக வைப்போம் என்று தோன்றியது. வாசல் பெரிசாக இருந்தால் புகை சீக்கிரம் போகும், புகை சீக்கிரம் போனால் வண்டி சீக்கிரம் போகும். மூன்றாம் வகுப்புக் கணக்குக்கு இது சரியாகத்தான் வந்தது. பைப்பை வைத்து, கடைசியில் பேருக்கு ஒரு குட்டி டப்பாவை மாட்டினேன்.

ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். எதிரே வேப்பமரத்தில் இருந்த மைனா எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பிவிட்டது. என் வீட்டுக்காரி கரண்டியோடு வெளியே வந்தாள்.

"இன்னா, லாரி மோதிடுச்சா?"

"வண்டி பாடுது."

"பாடுதா? இதுக்கு நீ பாடறதே தேவலை" என்று உள்ளே போய்விட்டாள்.

மீன்காரம்மாவுக்கோ ஒரே சந்தோஷம். ரோட்டில் ஒரு சுற்று போய்வந்து, "அண்ணாத்த, எண்பதுல பறக்குது!" என்றாள். காலி வண்டி, சமமான ரோடு. நான் மீசையைத் தடவிக்கொண்டேன். போர்டில் டாக்டர் என்பதற்கு முன்னால் பெரிய என்று சேர்க்கலாமா என்றுகூட அன்றைக்கு யோசித்தேன்.

அடுத்த ஞாயிறு மத்தியானம், சாப்பிட்டு உட்கார்ந்திருந்தேன். அவள் வேன் வரும் சத்தம் ஏரிக்கரைத் திருப்பத்திலேயே கேட்டது. வந்து நின்று, இறங்கி, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னை முறைத்தாள். 

"இன்னாம்மா, பறந்துச்சா?"

"பறந்துச்சி. கோவளம் வரைக்கும் பறந்துச்சி. அப்பறம் அபார்ட்மென்ட்டுல எறங்குச்சி."

நடந்தது இது. அவளுக்குக் கொடுத்திருக்கிற இடம் முதல் மாடி பார்க்கிங்கில். அதற்கு ஒரு சாய்வுப் பாதை வளைந்து ஏறுகிறது, ஏறும் இடத்திலேயே ஒரு வேகத்தடை. வேகமாக வந்து ஒரே மூச்சில் ஏறவும் முடியாது, முதல் கியரில் ஊர்ந்துதான் ஏறவேண்டும். ஐஸும் மீனுமாக நிறைந்த வேன் பாதி ஏறி நின்றுவிட்டது. திரும்ப எடுத்தால் பின்னால் உருளுகிறது. வேறு வழியில்லாமல் ஆக்ஸிலேட்டரை மிதி மிதியென்று மிதித்திருக்கிறாள். மேலே கான்கிரீட், கீழே கான்கிரீட், நடுவில் என் பைப்பு.

"நின்னுக்கினு இருந்த காருங்க எல்லாம் தானா கத்த ஆரம்பிச்சிடுச்சி அண்ணாத்த. ஒண்ணு கூவ, பக்கத்து வண்டி கூவ... நாலு மாடில கொழந்தைங்க அழுவுது. அபார்ட்மென்ட்டு சங்கத்து செக்ரட்டரி ஐயா அரை டவுசரோட ஓடியாந்தாரு. வாட்ச்மேன் அண்ணனும் இன்னும் நாலு பேருமா தள்ளி ஏத்தனாங்க. அடுத்த ஞாயிறு இந்தச் சத்தத்தோட வந்தா கேட்டைத் திறக்காதேன்னு வாட்ச்மேன்கிட்ட சொல்லிட்டாரு. வேற ஒருத்தன் ஏசி வேன் வெச்சிக்கினு அந்த எடத்துக்குக் காத்துக்கினு கீறான்."

தப்பு என்மேல் என்று உடனே ஒப்புக்கொள்கிற பழக்கம் எனக்கு இல்லை. "உனுக்கு ஓட்டத் தெரில. கிளட்ச்சைப் பாதில வெச்சி..." என்று தொடங்கினேன். அவள் சாவியை என் முகத்துக்கு நேரே ஆட்டினாள்.

"நீயே ஓட்டு. ஐஸ் இன்னும் கீது, பாதி மீனு கீது. ரயில்வே மேம்பாலத்துல ஏத்திக் காமி."

கிளம்பினேன். சமரோட்டில் அருமையாகப் போனது, நானும் வழி நெடுகப் பேசிக்கொண்டே போனேன். மேம்பாலத்துப் பாதி ஏற்றத்தில் முன்னால் ஒரு பஸ் நின்றது, நானும் நின்றேன். பஸ் போனது, நான் போகவில்லை. கிளட்ச்சை விட்டால் வண்டி இரண்டு குலுக்கு குலுக்கி அணைகிறது. மிதித்தால் சத்தம் ஊரைக் கூட்டுகிறது, சக்கரத்துக்கு மட்டும் சேதி போகவில்லை. பின்னால் லாரிக்காரர் ஹாரனில் கையை வைத்தவர் எடுக்கவே இல்லை. மூன்று தடவை அணைந்தது. என் சட்டை நனைந்துவிட்டது. பக்கத்தில் அவள் முந்தானையால் விசிறிக்கொண்டு, "கிளட்ச்சைப் பாதில வை அண்ணாத்த" என்றாள்.

எப்படியோ தட்டுத்தடுமாறிப் பாலத்தைத் தாண்டி இறங்கி ஓரமாக நிறுத்தினேன்.  அவள்தான் இறங்கிப் பின்னால் போய், குனிந்து பைப்பின் வாயைப் பார்த்தாள்.

"ஏன் அண்ணாத்த, இது முன்னைக்கு இப்போ வாய் அகலமா கீதே?"

"அகலமா இருந்தாத்தான் புகை தாராளமாப் போவும்."

"எங்க குப்பத்தாண்ட ஓடை ஒண்ணு கடல்ல சேருது. வாய் ஒடுக்கமா இருந்த வரைக்கும் தண்ணி சுள்ளுன்னு ஓடும். மணலையும் அதே வாரிக்கினு போய்டும். வெள்ளத் தண்ணி சீக்கிரம் வடியட்டும்னு எங்காளுங்க ஒரு தபா ஜேசிபி வெச்சி வாயை அகலமா வெட்டிவுட்டாங்க. மழைல நல்லாத்தான் வடிஞ்சிச்சி. மழை வுட்டப்பறம் தண்ணிக்கு நடக்கத் தெம்பில்ல. ஒரே மாசத்துல வாய்ல மணல் மேடு. இப்ப பசங்க அங்க கபடி ஆடுதுங்க. உன் பைப்பும் அப்படியோ இன்னாவோ, எனக்கு இன்னா தெரியும், நான் மீன்காரி."

 எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. இன்ஜின் புகையைத் தொடர்ச்சியாக விடுவதில்லை. ஒவ்வொரு சிலிண்டரும் முறை வைத்து ஒரு குப்பென்று தள்ளுகிறது. பைப்பு அளவாக இருந்தால் அந்தக் குப்பு வேகமாக ஓடும், ஓடுகிற ஓட்டத்தில் தனக்குப் பின்னால் ஒரு உறிஞ்சல் விட்டுப்போகும், அது சிலிண்டரில் மிச்சமிருக்கிற புகையையும் இழுத்துக்கொள்ளும். புகை முழுசாக வெளியே போனால்தான் புதுக் காற்றும் பெட்ரோலும் உள்ளே முழுசாக வரும். நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டு மாதிரி. இறங்குகிறவர்கள் இறங்கினால்தான் ஏறுகிறவர்கள் ஏற முடியும். பைப்பு அடைத்திருந்தால் இறங்கவே வழியில்லை, அது அவளுடைய முதல் கஷ்டம். வேகமாகப் போகும்போது புகை நிறைய, வழி சின்னது. பைப்பு அளவுக்கு மீறி அகலமானால் இறங்கியவர்கள் படிக்கட்டுக்குக் கீழேயே நின்று வெற்றிலை போடுவார்கள், அது நான் கொடுத்த கஷ்டம். வேகமாக ஓட்டினால் புகை ஏராளம், அகலம் தெரியாது. சாய்வில் ஊரும்போது புகையே கொஞ்சம், அந்தக் கொஞ்சமும் பெரிய பைப்பில் பரவிச் சோம்பி நிற்கும். உறிஞ்சல் இல்லை, இழுவையும் இல்லை. இத்தனையும் என் கைக்குத் தெரிந்த சங்கதிதான். பளபளப்பான ஒரு பைப்பைப் பார்த்ததும் மறந்துபோனது.

கடைக்கு வந்ததும் வீட்டுக்காரி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "பழைய டப்பா எங்க? அதுல துருதான் அடைச்சிச்சின்னு நீ பாத்தியா?"

பார்க்கவில்லை. குவியலிலிருந்து எடுத்து வந்து கட்டிங் மிஷினால் நீளவாக்கில் அறுத்தேன். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். துரு என்னவோ கொஞ்சம்தான். ஆனால் புகை வெளியே போகிற சின்னக் குழாயின் உள்வாயில் பச்சையும் கறுப்புமாக ஒரு அடை ஒட்டிக்கொண்டிருந்தது. சூட்டில் உருகி, உதிர்ந்த துருவோடு சேர்ந்து கல்லாகிவிட்ட அடை. சுண்டுவிரல் போகிற சந்துதான் மிச்சம். அடையின் ஓரத்தில் உருகாத நூல் இரண்டு நீட்டிக்கொண்டிருந்தது, முடிச்சோடு.

மீன் வலை.

மீன்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இது இன்னாம்மா?" என்றேன். என் குரலில் உயிர் திரும்பி வந்தது எனக்கே கேட்டது.

"போட்டுல என்ஜின் சும்மா நிக்கிறப்ப புகைக் குழாய்ல வலைத் துண்டைச் சுருட்டி அடைப்போம் அண்ணாத்த, உப்புக் காத்து உள்ள போவாம. வண்டியும் கடலாண்டதானே நிக்குதுன்னு... நைட்டு அடைச்சி, காலைல எடுத்துடுவேன். ஒரு நாள் கையில ஆப்டல. கொஞ்சம் உள்ள போய்டுச்சி. வண்டி எடுத்தா அதுவே வந்து வுழுந்துடும்னு வுட்டுட்டேன்."

"வலையை வண்டி வவுத்துக்குள்ள வீசுனா இன்னா மீனு மாட்டும்?"

"மாட்டுச்சே, ஒரு டாக்டரு" என்றாள் என் வீட்டுக்காரி.

அவள் சொன்னது நியாயம். அந்தத் திங்கட்கிழமை பத்து நிமிஷம் செலவழித்து டப்பாவை அறுத்துப் பார்த்திருந்தால், அளவான டப்பா ஒன்றை மாட்டி அனுப்பியிருப்பேன். செக்ரட்டரி ஐயா டவுசரோடு ஓடியிருக்க மாட்டார்.

அந்த வாரம் வேறு வேலை எதையும் கையில் எடுக்கவில்லை. புகையைச் சுத்தப்படுத்த இன்ஜினுக்கு அடியில் கம்பெனி வைத்த பாகத்தைத் தொடவில்லை, அது அதன் இடத்தில் இருந்தால்தான் புகை சர்ட்டிபிகேட். அதற்குப் பின்னால் எல்லாம் புதுசு. ஒன்றரை அங்குலப் பைப்பு. வளைவுகளை வெட்டி ஒட்டாமல் மணலை அடைத்துச் சூடு காட்டி வளைத்தேன், வெட்டி ஒட்டினால் உள்ளே மூலை வந்து புகை முட்டிக்கொள்ளும். உள்ளே மூன்று அறை வைத்த நல்ல பெரிய டப்பா, சூடு தாங்கும் கண்ணாடிப் பஞ்சு அடைத்தது. மாட்டியதும் ஐஸுக்குப் பதில் தண்ணீர் கேன்களை ஏற்றி மேம்பாலத்துக்கு நாலு தடவை போனேன். வேண்டுமென்றே பாதியில் நிறுத்தி எடுத்தேன். நாலு தடவையும் எருமை கரையேறுவதுபோல அலட்டாமல் ஏறியது. ஆனாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அந்த அம்மாவின் ஒரு வருஷ அலைச்சல் என் வெல்டிங்கில் தொங்குகிறது. சனிக்கிழமை சாப்பாடு சரியாக இறங்கவில்லை. வீட்டுக்காரி கவனித்திருப்பாள், இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள்.

ஞாயிறு விடிந்ததும் குப்பத்துக்கே போய் வேனில் ஏறிக்கொண்டேன். முன் சீட்டில் தராசும் கத்தியும் இருந்தன, அதனால் பின்னால் சங்கராப் பெட்டிக்கும் வஞ்சிரப் பெட்டிக்கும் நடுவில். பெரிய டாக்டருக்கு ஏற்ற இடம்.

நாவலூர் கேட்டில் வாட்ச்மேன் கையைக் காட்டி நிறுத்தினார். "அக்கா, தப்பா நெனைக்காதே. ஐயா சொன்னது தெரியும்ல?"

"ஐயா இன்னா சொன்னாரு? சத்தத்தோட வந்தா வுடாதேன்னாரு. சத்தம் கேக்குதா?"

அவர் பக்கத்தில் வந்து தலையைச் சாய்த்துக் கேட்டார். "நீதான் இன்ஜினை ஆஃப் பண்ணிட்டியே."

"ஓடிக்கினு கீதுண்ணா!"

அவர் பின்னால் போய் பைப்பு வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அது டப் டப் என்று தட்டியிருக்கும், எனக்குத் தெரியும். கேட்டைத் திறந்துவிட்டார்.

வேகத்தடை தாண்டியது. சாய்வு ஏறத் தொடங்கியது. நான் வஞ்சிரப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். சரியாகப் பாதி ஏற்றத்தில் வண்டி நின்றது.  எட்டிப் பார்த்தால், ஒரு அம்மா நாயோடு குறுக்கே வருகிறார். நாய்க்கு மீன் வாசம் பிடித்துவிட்டது, நகரமாட்டேன் என்கிறது. "சீக்கிரம் கூட்டிக்கினு போம்மா" என்று உள்ளேயிருந்து வேண்டிக்கொண்டேன். நாய் போனது. மீன்காரம்மா கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்து, கிளட்ச்சை விட்டாள். வேன் ஒரு விரல்கூடப் பின்னால் உருளவில்லை. அப்படியே ஏறியது. ஒரு கார்கூடக் கூவவில்லை. ஏதோ ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்தது, எங்களைவிட அதுதான் சத்தம்.

ஏழு மணிக்கு செக்ரட்டரி ஐயா முழுப் பேண்ட்டோடு வந்தார். வரிசையைப் பார்த்தார், வேனைப் பார்த்தார். "எப்பம்மா வந்தே? நான் பால்கனியிலேயேதான் உட்கார்ந்திருந்தேன், வேன் வந்த சத்தமே கேக்கலையே" என்றார்.

"அதான் ஐயா" என்றாள். அரை கிலோ சங்கரா வாங்கிக்கொண்டு போய்விட்டார். பைப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நாற்பது வருஷத்தில் நான் செய்த நல்ல வேலை அதுதான், அது காதில் விழாததால் ஒருத்தருக்கும் தெரியவில்லை. பொறுக்க முடியாமல் வரிசையில் நின்ற ஒரு பெரியவரிடம் உறிஞ்சலைப் பற்றி, ஒன்றரை அங்குலத்தைப் பற்றி விளக்கத் தொடங்கினேன். அவர் முழுசாகக் கேட்டுவிட்டு, "சரிப்பா, கவளை மீன் இருக்கா?" என்றார். மீன்காரம்மா சிரித்த சிரிப்பில் தராசு ஆடியது.

அடுத்த நாள் ஒரு வஞ்சிரத் துண்டோடு கடைக்கு வந்தாள். உப்புக் காற்றுக்கு ஒரு வழி செய்யச் சொன்னாள். வலை மிதவை ஒன்றைப் பைப்பு வாய்க்குச் சரியாகச் சீவி, அதில் ஒரு கயிறு கட்டி, கயிற்றின் மறுநுனியில் வண்டிச் சாவியைக் கோத்துக் கொடுத்தேன். அடைப்பை எடுக்காமல் சாவி கிடைக்காது. "இது நல்லா கீது அண்ணாத்த" என்றாள். அந்த அம்மா கேலி இல்லாமல் என்னிடம் சொன்ன ஒரே வார்த்தை அது. அதை நான் அப்படியே வைத்திருக்கிறேன்.

அன்றைக்குச் சாயங்காலம் வெளியே வந்து பார்த்தால் என் போர்டுக்குக் கீழே சாக்பீஸில் புதுசாக ஒரு வரி. வீட்டுக்காரியின் கையெழுத்து, அவள் எட்டாம் வகுப்பு. 'சைலன்ஸர் டாக்டர்' என்று பெயிண்டர் எழுதியதற்குக் கீழே, 'அறுத்துப் பார்த்துதான் சொல்வார்' என்று எழுதியிருந்தாள். மழை வந்தால் தானே போய்விடும் என்று விட்டுவைத்தேன். மழை வந்தது, போனது. மறுநாள் காலையில் அதே இடத்தில், முன்னைவிடப் பெரிய எழுத்தில் இருந்தது.